மாலை ஆறரைக்கு வீடு திரும்புகிறவருக்கு ஏற்ற செடி எது?

கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கம், மூன்றாவது மாடியில், மேற்குப் பார்த்த பால்கனியோடு ஒரு வீடு, கணவன், மனைவி இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்புகிறவர்கள், ஒரு வருடத்தில் வாங்கிய 14 தொட்டிச் செடிகளில் 9 காய்ந்துவிட்டன, ஊரிலிருந்து வந்த மாமியார், "கட்டு பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற கறிவேப்பிலைக்கு இத்தனை பாடு எதுக்கு அம்மிணி?" என்று கேட்டுவிட்டார். செடி வளர்ப்பதில் உண்மையிலேயே சந்தோஷம் இருக்கிறதா, படம் எடுத்துப் போடுவதற்காகத்தான் எல்லோரும் வளர்க்கிறார்களா, சந்தோஷம் உண்டு என்றால் எங்களைப் போன்றவர்கள் எதை வைப்பது என்பது உங்கள் கேள்வி. காங்கேயம் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் பிறந்து, முப்பது ஆண்டுகளாகக் கோவையில் வாடகை வீடும் சொந்த வீடுமாக ஆறு வீடுகளில் தொட்டி வைத்துப் பார்த்தவன் என்கிற முறையில் பதில் எழுதுகிறேன்.

சந்தோஷம் இருக்கிறது. அது இருக்கும் இடத்தைச் சொல்வதற்கு என் அப்பாரு, அதாவது தாத்தாவிடமிருந்து தொடங்க வேண்டும். கிணற்றுப் பாசனம் உள்ள நிலத்தைத் தோட்டம் என்றும், வானம் பார்த்த மேட்டு நிலத்தைக் காடு என்றும், வாய்க்கால் பாயும் நெல் நிலத்தை வயல் என்றும் நம் பக்கத்தில் பிரித்துச் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தோட்டம் கொஞ்சம், காடு கொஞ்சம். விடிந்ததும் அப்பாரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "காட்டைப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று கிளம்புவார். கையில் மண்வெட்டியும் இருக்காது, களைக்கொத்தும் இருக்காது. கிளுவை வேலியை ஒட்டி ஒரு சுற்று சுற்றி, ஆடு நுழைந்த சந்து எங்கேனும் இருக்கிறதா என்று பார்த்து, சோளத்தின் குருத்தை இரண்டு இடத்தில் விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் திரும்பி வந்து காப்பி குடிப்பார். நேற்று சுருண்டிருந்த இலை இன்று விரிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஒரு மனிதர் அவ்வளவு தூரம் நடப்பாரா என்று சிறுவயதில் எனக்கு வியப்பாக இருக்கும். தொட்டிச் செடி வைத்த பிறகுதான் அந்த நடையின் ருசி எனக்குப் பிடிபட்டது. உங்கள் பால்கனி உங்களுக்குத் தரக்கூடியது அந்தச் சுற்றுதான். அதற்கு நான்கு நிமிடம் போதும்.

அந்தச் சுற்று ருசிக்க வேண்டுமானால், நீங்கள் போய் நிற்கிற நேரத்தில் செடியில் ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். நாற்றுப்பண்ணைக்குப் போகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள். பூ எத்தனை மணிக்கு விரியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. முதல் வீட்டில் பத்துமணிப் பூவை நான்கு நிறத்தில் வாங்கி, கைப்பிடிச் சுவர் நெடுக வைத்தேன். அது பெயருக்கேற்பக் காலை வெயில் ஏறிய பிறகு விரிந்து, பிற்பகலில் மூடிக்கொள்ளும். காலையில் நான் கிளம்பும்போது மொட்டாக இருக்கும், மாலையில் திரும்பும்போது வாடிச் சுருண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எங்களுக்குள் பேச்சு வார்த்தை இருந்தது. எதிர்வீட்டுப் பாட்டி அதைத் தினமும் பார்த்து ரசித்தார் என்பது மட்டுமே அந்தச் செலவுக்குக் கிடைத்த பலன்.

ஆகவே ஆறரை மணிக்காரருக்கு முதல் செடி குண்டுமல்லி. உங்கள் பால்கனி மேற்குப் பார்த்தது என்பது இதற்குக் குறையே இல்லை. ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் கிடைத்தால்தான் அது மொட்டு வைக்கும், பிற்பகல் வெயில் அதற்குப் போதுமானது. சத்தியமங்கலத்து மல்லித் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் அன்று மாலையே அது விரிந்துவிடும். வீட்டில் வைத்திருப்பவருக்குப் பறிக்கும் அவசரம் இல்லை. காலையில் செடியருகே நின்று பார்த்தால் இன்று பூக்கப் போகிற மொட்டு எது, இன்னும் இரண்டு நாள் ஆகும் மொட்டு எது என்று சொல்லிவிடலாம்: நாளாக வேண்டியது பச்சை கலந்து இறுகியிருக்கும், இன்று விரியப் போவது வெளுத்துத் திரண்டு, நுனி சற்றே தளர்ந்திருக்கும். எத்தனை விரியும் என்று காலையில் ஒரு கணக்குச் சொல்லிவிட்டுப் போய், மாலையில் வந்து எண்ணிப் பாருங்கள். என் மனைவிக்கும் எனக்கும் இதில் வருடக்கணக்காகப் போட்டி நடக்கிறது. பெரும்பாலும் அவர்தான் ஜெயிக்கிறார். கார்த்திகைக் கடைசியில் துணிந்து கவாத்து செய்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மற்றதை வெட்டிவிட வேண்டும். வெட்ட மனம் வராதவர்கள் வீட்டு மல்லிதான் இலையாய் வளர்ந்து பூவே இல்லாமல் நிற்கிறது. வெட்டிய செடி மாசிக் கடைசியில் மொட்டு வைக்கத் தொடங்கும்.

இரண்டாவது அந்திமந்தாரை. காசு கொடுத்து வாங்க வேண்டிய செடியே அல்ல. யார் வீட்டு வாசலிலாவது மிளகு போன்ற கறுப்பு விதை உதிர்ந்து கிடக்கும், நான்கைப் பொறுக்கி வந்தால் போதும். நான்கரை, ஐந்து மணிக்கு விரியத் தொடங்கி மறுநாள் காலை வரை இருக்கும். ஒரே செடியில் மஞ்சளும் குங்கும நிறமும், சில நாள் ஒரே பூவில் பாதிக்குப் பாதி இரண்டு நிறமும் காட்டும். விதையைச் சிறு குழந்தைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது நஞ்சு.

மூன்றாவதாக நான் சொல்லப் போவது பீர்க்கு. தொட்டியில் பீர்க்கா என்று கேட்பீர்கள். ஒன்றரை அடி அகலமும் அதே அளவு ஆழமும் உள்ள வளர்ப்புப் பை ஒன்றும், கொடி ஏற பால்கனிக் கம்பியும் இருந்தால் அது தாராளமாக வளரும். நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 என்கிற ரகங்களும் உண்டு. அந்தக் 'கோ' என்பது கோயம்புத்தூரைத்தான் குறிக்கிறது. பாகலும் பூசணியும் காலையில் பூக்கிறவை. பீர்க்கம்பூவோ பொழுது சாயும்போது விரியும். ஊரில் மழை மூட்டமான நாளில் பொழுதை அதை வைத்துத்தான் கணிப்பார்கள். ஆடியில் விதை ஊன்றினால் ஆவணியில் பூ வரும், புரட்டாசியில் காய் பறிக்கலாம். முதலில் வருபவை எல்லாம் ஆண் பூக்களாகக் கொத்துக் கொத்தாக இருக்கும், பூத்துப் பூத்து உதிரும். அதைப் பார்த்துச் செடியில் ஏதோ கோளாறு என்று பிடுங்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். பத்துப் பதினைந்து நாள் பொறுத்தால், பூவுக்குக் கீழே விரல் கணு அளவில் வரிவரியான குட்டிப் பீர்க்கங்காயோடு பெண் பூ தனியாக வரும்.

மூன்றாவது மாடியில் வண்டும் விட்டில் பூச்சியும் நம்பத்தக்க அளவில் வருவதில்லை என்பதால், அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது. அன்று மாலை விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களைப் பின்னால் மடக்கிவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுப்பகுதியில் மெதுவாகத் தடவ வேண்டும். விரல் நுனியில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மகரந்தம் சேராத பிஞ்சு ஓரிரு நாளில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். சேர்ந்த பிஞ்சு தலை கவிழ்ந்து, மூன்றாம் நாள் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்படி நீண்டிருக்கும். அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு, விளக்கு வெளிச்சத்தில் இந்தக் காரியத்தைச் செய்துவிட்டுப் பிறகு கைகால் கழுவப் போவதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒரு பருவத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது பதினொரு காய். சந்தை விலையோடு கணக்குப் பார்த்தால் மாமியார் சொன்னதுதான் சரி. ஆனால் அந்தப் பதினொன்றில் எந்தக் காய்க்கு எந்த நாளில் பொடி தடவினேன் என்று எனக்குத் தெரியும், தோலைத் துவையலுக்கு எடுத்து வைக்கும்போது அது நினைவுக்கு வரும்.

இனி அந்த ஒன்பது செடிகளைப் பற்றி. அவை செத்ததற்கு உங்கள் 'கைராசி' காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊருக்கென்று மூன்று காரணங்கள் உண்டு, அவற்றில் குறைந்தது இரண்டு உங்கள் வீட்டில் நடந்திருக்கும்.

முதலாவது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்பது சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் புகுகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் அதனால்தான். கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு வருவதால், நமக்கு வந்து சேருவது பெரும்பாலும் காற்றும் சாரலுமே. மேற்குப் பார்த்த மூன்றாவது மாடி அதற்கு நேராக நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வானம் மூடியிருக்கிறதே, இன்று தண்ணீர் வேண்டாம் என்று ஆனி, ஆடியில் நாம் விட்டுவிடுகிறோம்; வெயில் இல்லாவிட்டாலும் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் பிழைத்த செடி ஆடிக் காற்றில் சாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காங்கேயத்து மேய்ச்சல் நிலங்களான கொரங்காடுகளில் கிளுவைக் குச்சியை வரிசையாக நட்டு வேலியாக்கி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் காப்பாற்றுகிறார்கள் அல்லவா, அதே யுக்தியைப் பால்கனியிலும் செய்யலாம். காற்று வரும் பக்கம் காகிதப்பூ, கற்றாழை போன்ற முரட்டுச் செடிகளை முன்னால் நிறுத்தி, பாதி நிழல் தரும் பச்சை வலையை இடுப்பு உயரத்துக்குக் கட்டிவிடுங்கள். தொங்கும் தொட்டிகளை வைகாசிக் கடைசியில் இறக்கி வைத்துவிட்டு ஆவணி முடிந்ததும் மறுபடி ஏற்றலாம்.

இரண்டாவது தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஊரெல்லாம் அப்படி நல்ல தண்ணீர்தான் என்று ஓர் எண்ணம் இருக்கும். அடுக்குமாடியில் குளியலறைக் குழாயில் வருவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். மதுக்கரையில் சிமென்ட் ஆலை அமையும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் உள்ள பூமி நம்முடையது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மண்ணிலும் அதுவே சேர்ந்துகொண்டிருக்கிறது. அதன் முதல் அடையாளம், குருத்திலைகள் வெளுத்து மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்பது. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பின் காரத்தன்மையால் வேர் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போவதால் இது வருகிறது. கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் இது அடிக்கடி வரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து, ஒரு மூடி எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தணிந்த பிறகு இலையில் தெளித்தால் குருத்து தேறிவிடும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தப் புளிப்புக்கும் சிறிது பலன் இருக்கிறது, ஆனால் மோர் ஒன்றே போதும் என்று இருந்துவிட வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் நல்ல தண்ணீரைத் தொட்டியின் அடி வழியாக வெளியேறும் அளவுக்கு ஊற்றினால் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போகும். ஐப்பசி மழையில் தொட்டிகளை இரண்டு நாள் மொட்டை மாடியில் நனைய விட்டால் அதற்கு ஈடான மருந்து வேறு இல்லை. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழெட்டு நாள்தான் எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது, எனக்குப் புரிய ஐந்து வருடமும் பல ரோஜாச் செடிகளும் தேவைப்பட்ட காரணம். நாற்றுப்பண்ணைச் செடிகளில் ஏராளமானவை ஓசூர்ப் பக்கத்திலிருந்தோ, ஆந்திரத்துக் கடியத்திலிருந்தோ லாரியில் வருபவை. வழியில் உடையாமல் இருக்க வேரைச் சுற்றி இறுக்கமான களிமண் உருண்டையாக வைத்திருப்பார்கள். நாம் அதைப் பையிலிருந்து உருவி, பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பஞ்சு போன்ற கலவையின் நடுவே அப்படியே வைத்துவிடுகிறோம். அன்றாடம் தண்ணீர் ஊற்றுகிறோம். தண்ணீர் பஞ்சின் வழியாக ஓடி அடியில் வந்துவிடுகிறது. தட்டு நிறைந்திருப்பதைப் பார்த்து மனம் நிறைகிறது. பட்டுப்போன ஒரு ரோஜாவை ஒருநாள் கோபத்தில் பிடுங்கிப் பார்த்தேன். சுற்றியுள்ள கலவை பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற பதத்தில் இருந்தது, நடுவில் இருந்த உருண்டையோ செங்கல் போலக் காய்ந்து, சுத்தியால் தட்ட வேண்டிய நிலையில் இருந்தது. ஈரத்தின் நடுவே உட்கார்ந்து தாகத்தில் செத்திருக்கிறது. அன்றிலிருந்து எந்தச் செடி வாங்கினாலும், முதலில் உருண்டையோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நின்ற பிறகு எடுத்து, ஓரத்து மண்ணை விரலால் மெல்ல உதிர்த்துவிட்டு வைக்கிறேன். நடுகிற கலவையிலும் செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, சாயம் போல இறங்குகிற பழுப்புத் தண்ணீர் வெளிறும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய மறக்க வேண்டாம். அதிலும் உப்பு இருக்கும்.

பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்க வைக்கும் பஞ்சகவ்யம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை உழவர்களிடையே பரப்பியவர் நம் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் கே. நடராஜன். லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் செடி தளதளவென்று வரும், அதில் எனக்கு ஐயம் இல்லை. பக்கத்து வீட்டாரோடு சுமுகமாக இருக்க விரும்பினால் அடுக்குமாடியில் அதைத் தயாரிக்காதீர்கள்; புட்டியில் வாங்கி, அவர்கள் வெளியூர் போன நாளில் தெளியுங்கள்.

மாமியார் சொன்ன கறிவேப்பிலைக்கு வருகிறேன். காரமடைப் பக்கம் ஏக்கர் கணக்கில் விளைகிற செங்காம்புக் கறிவேப்பிலை சந்தைக்கு வரும்போது, தொட்டியில் நீங்கள் விளைவிப்பது கணக்கிலேயே வராது. நான் அதை வளர்ப்பதற்குக் காரணம் வேறு. புதுத் தளிர் விடும் நாளில், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், கறுப்பில் வெளிர்மஞ்சள் புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று தேடி வந்து, ஒரு நொடி காலூன்றி, கடுகில் பாதி அளவில் ஒரு முட்டையை வைத்துவிட்டுப் போகும். அதிலிருந்து வரும் புழு முதலில் பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும், பழுப்பில் நடுவே ஒரு வெள்ளைத் தீற்று. கடைசியாக ஒருமுறை தோலுரித்தவுடன் இலையின் பச்சைக்கு மாறிவிடும். அந்த நிலையில் ஈர்க்குச்சியால் அதன் முதுகை லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போலப் பிரிந்த செந்நிறக் கொம்பு ஒன்றைச் சட்டென்று நீட்டும், கூடவே ஒரு நெடி வரும். என் பேரன் அதைப் பார்த்துப் பயந்து அலறி, உடனே இன்னொரு முறை தொடச் சொன்னான். இரண்டு புழு இருந்தால் ஒரு வாரத்தில் சிறு செடியை மொட்டையாக்கிவிடும் என்பது உண்மை. மொட்டையான கிளைகளை நுனி வெட்டிவிட்டால் மறுபடியும் தழைத்து வரும். புழு பக்கத்துத் தொட்டியின் குச்சியில் ஒரு பட்டு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, பத்துப் பன்னிரண்டு நாளில், பெரும்பாலும் விடியற்காலையில், பிளந்து வெளிவருகிறது. அன்றைக்கு மட்டும் நான் வேலைக்குத் தாமதமாகப் போனதுண்டு.

எல்லாப் பூச்சிக்கும் இந்தச் சலுகை கிடையாது. செம்பருத்தியின் குருத்தில் வெள்ளை மாவு அப்பியது போல வருகிற மாவுப்பூச்சியைக் கண்டவுடன் துடைத்துவிட வேண்டும். நம் மண்ணுக்கு இதில் ஒரு பழைய காயமும் உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி என்பது இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2008-இல் கோயம்புத்தூரில்தான். அடுத்த இரண்டு வருடத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்குப் பகுதி உழவர்களைக் கலங்கடித்தது. என் வீட்டுச் செம்பருத்தி நான்கும் அதில்தான் போயின. மருந்து அடித்து மாளவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. இப்போதும் செடியில் எறும்பு வரிசை ஏறுவதைப் பார்த்தால் நான் மேலே தேடுவேன்; மாவுப்பூச்சி சுரக்கிற இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காத்துக்கொண்டிருக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலக்கித் தெளித்தால் வீட்டளவுக்குப் போதும்.

வீட்டுக்குள் வைக்கும் செடிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவற்றில் தினமும் பார்ப்பதற்கு அதிகம் நடப்பதில்லை. காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பதை நம்பி வாங்க வேண்டாம். அந்தப் பேச்சு, நாசாவில் 1989-இல், காற்றுப் புகாமல் அடைத்த சிறு அறையில் செய்த ஆய்விலிருந்து வந்தது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019-இல் வெளியான மதிப்பீடு, ஜன்னல் இடுக்கு வழியாக வந்து போகும் காற்று செய்வதற்கு நிகராகச் செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. அழகுக்காக வையுங்கள். நானூறு ரூபாய் கொடுத்து வாங்குகிற ஸ்நேக் பிளான்டின் நெருங்கிய உறவான மருள், ஊரில் வேலியோரம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அடுத்த முறை போகும்போது ஒரு கிழங்கைத் தோண்டி வந்து தொட்டியில் வைத்துப் பாருங்கள். மணி பிளான்ட்டைத் தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும், தேங்காய் நார் சுற்றிய கம்பில் மேலே ஏற்றிவிட்டால் அடுத்தடுத்த இலை பெரிதாகிக்கொண்டே வரும். எவ்வளவு பெரிதாகும் என்று பார்ப்பது மட்டுமே அதில் எனக்குள்ள சுவாரசியம். திருடி வைத்தால்தான் அது தழைக்கும் என்பார்கள். எங்கள் குடியிருப்பில் யாரும் திருடுவதில்லை, "ஏனுங்க, ஒரு கொம்பு ஒடிச்சுக்கட்டுங்களா?" என்று வாசலில் நின்று கேட்டே வாங்கிப் போகிறார்கள், அப்படி ஒடித்தவற்றாலேயே நான்கு வீடுகளின் பெயர் எனக்குத் தெரிந்தது.

நட்டதை மட்டும் பாராமல், தானாக முளைப்பதையும் சில நாள் விட்டுப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் ஊரிலிருந்து ஒரு மூட்டை செம்மண் கொண்டு வந்தேன். அடுத்த மழையில் மல்லித் தொட்டியின் ஓரத்தில் ஒரு களை எழுந்தது. பிடுங்கக் கை நீட்டியவன் இலையின் சாம்பல் பூத்த பச்சையைப் பார்த்துத் தயங்கினேன். மார்கழியில் கணுவுக்குக் கணு வெண்பஞ்சாகப் பூ வைத்தபோது அது பூளை என்று உறுதியாயிற்று. போகியன்று காப்புக் கட்டுவதற்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டி வீதியில் விற்பார்கள், நாங்களும் வருடா வருடம் வாங்குகிறவர்கள்தான். அந்த வருடம் ஆவாரையை மட்டும் வாங்கினோம். வேப்பிலை தெருமுனையில் கிடைத்தது. பூளையை எங்கள் தொட்டியிலிருந்தே ஒடித்து, கதவு நிலையில் செருகினாள் என் மனைவி. செருகிவிட்டு, மூன்றாவது மாடி வரைக்கும் காடு வந்திருக்கிறது பாருங்கள் என்றாள்.

கடைசியாக, மாசியில் கோயில் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) ஊருக்குப் போனால் பத்து நாள் செடிகளை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாத் தொட்டிகளையும் சுவர் நிழலில் ஒன்றையொன்று ஒட்டி வையுங்கள். நடுவில் ஒரு வாளி நிறையத் தண்ணீரைச் சற்று உயரமாக வைத்து மூடி, திருப்பூரிலிருந்து வரும் பனியன் கட்டிங் துணியை விரல் தடிமனில் முறுக்கி நனைத்து, ஒரு முனையை வாளியின் அடி வரையிலும் மறுமுனையை மண்ணுக்குள் மூன்று அங்குல ஆழத்திலும் புதைத்துவிடுங்கள். துணி ஈரத்தை இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பருத்தித் துணியாகப் பார்த்து எடுப்பது முக்கியம். கிளம்புவதற்கு முன்பாக ஒருநாள் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், சில தொட்டிக்கு இரண்டு திரி தேவைப்படும். தைப்பட்டத்தில் விதைத்த பீர்க்கு அந்தச் சமயத்தில் பூக்கக்கூட ஆரம்பித்திராது, அதனால் அதற்குக் கவலை இல்லை. ஆடிப்பட்டத்துக் கொடியை விட்டுவிட்டு ஆயுதபூஜை விடுமுறைக்குப் போய் வந்தால்தான் காய் முற்றி நாராகிக் கிடக்கும். நாட்டு ரகமானால் அதைப் பறிக்காதீர்கள், கொடியிலேயே காய்ந்து பழுப்பாகட்டும். குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும்போது எடுத்து நுனியை உடைத்துக் கொட்டினால் அடுத்த ஆடிக்கு விதையாயிற்று, கூட்டை முதுகு தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.